பத்துப் பிரதி எந்த நாவலுக்கு?

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை பொழுதோட பத்துப் பெண்பிள்ளைகள் கூடிப் படிக்கிறார்கள். எட்டுப் பேர் பதினொன்றாவது, பன்னிரண்டாவது. இரண்டு பேர் கல்லூரி முதலாண்டு. பவானி ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்தால் இருட்டும்வரை பேச்சு ஓடும். புத்தகம் ஆங்கிலத்தில், பேச்சு நம் பாஷையில். ஆகஸ்ட்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது ஒரே நாவலைப் பத்துப் பிரதி வாங்கி, ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். இந்த முறை அமானுஷ்யக் காதல் கதைதான் வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டார்கள்.

கேட்டதில் தப்பில்லை. பதினேழு வயதில் மனசுக்குள் நடப்பது பாதி அமானுஷ்யமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதை வாங்குவது என்பதில் பிள்ளைகளும் அம்மாக்களும் நானும் மூன்று பக்கம் நின்றோம். அதனால் பொங்கலுக்கு அப்புறம் மூன்று நாவல்களில் ஒவ்வொரு பிரதி தேடிப் பிடித்துச் சுற்றுக்கு விட்டேன். கூடவே ஒரு நோட்டும் போனது. படித்தவர்கள் மனசில் பட்டதை, பேர் போடாமல், அதில் எழுத வேண்டும். மாசி, பங்குனி தாண்டி நோட்டு நிறைந்து வந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு இந்த வகையில் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

மூன்றும் ஒரே அலையில் வந்தவை. ஸ்டெஃபனி மேயர் எழுதிய ‘ட்விலைட்’ 2005இல் வந்தது. அது கிளப்பிய அலையில் 2009இல் மேகி ஸ்டீஃப்வாட்டரின் ‘ஷிவர்’, அதே வருஷக் கடைசியில் காமி கார்சியாவும் மார்கரெட் ஸ்டோலும் சேர்ந்து எழுதிய ‘பியூட்டிஃபுல் கிரீச்சர்ஸ்’. முதலாவது ரத்தக்காட்டேரி, இரண்டாவது ஓநாய், மூன்றாவது மந்திரக்காரக் குடும்பம். தடிமனில் ஷிவர் சிறியது, 400 பக்கத்தை ஒட்டி வரும். ட்விலைட் 500. கடைசியது 560ஐத் தாண்டும்.

மூன்றாவதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பியூட்டிஃபுல் கிரீச்சர்ஸ் அமெரிக்காவின் தென் கரோலினாவில் காட்லின் என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. இந்த வகை நாவல்களில் பெரும்பாலும் பெண்தான் கதை சொல்வாள், ஆண் மர்மமாக வருவான். இதில் தலைகீழ். ஈதன் என்ற பையன் சொல்கிறான், லீனா மர்மமாக வருகிறாள். பதினாறாவது பிறந்தநாளில் அவள் ஒளியின் பக்கமா இருளின் பக்கமா என்பது முடிவாகிவிடும். முடிவு அவள் கையில் இல்லை என்று வீடே நம்புகிறது. நோட்டில் ஒரு பிள்ளை எழுதியிருந்த வரி: “எங்க வீட்டுல ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்கே அக்காவோட ஜாதகத்த எடுத்துட்டாங்க. லீனா நாள் எண்ணுற பக்கமெல்லாம் எங்க அக்காதான் ஞாபகத்துக்கு வந்துச்சு.” இதைவிடச் சரியாக அந்த நாவலை யாரும் படித்துவிட முடியாது.

இன்னொரு சந்தோஷமும் கிடைத்தது. தாயை இழந்த ஈதனைப் பார்த்துப் பார்த்து வளர்க்கும் பெரியவளின் பெயர் ‘அம்மா’. ஆங்கில எழுத்தில் அப்படியே அம்மாதான். பிள்ளைகள் அந்தப் பெயர் வந்த இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். லீனாவை வளர்க்கும் மேக்கன் அவளுக்கு ‘அங்கிள்’ என்றிருப்பதை யோசிக்காமல் தாய்மாமன் ஆக்கிவிட்டார்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் எந்த நல்ல காரியமும் நடக்காத ஊரில் வேறெப்படிப் படிப்பார்கள்?

ஆனால் பத்தில் ஆறு பேர் பாதியில் வைத்துவிட்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின் பழைய ரணம் கதைக்குள் ஆழமாக ஓடுகிறது. வடக்குக்கும் தெற்குக்கும் என்ன சண்டை, தோற்ற பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னும் அந்தப் போரை ஏன் வேஷம் கட்டி நடித்துப் பார்க்கிறார்கள் என்பது தெரியாமல் பல பக்கங்கள் கடக்காது. முடித்த நாலு பேருக்கும் அதுதான் பிடித்த நாவல். அதனால் அந்த ஒரு பிரதி எங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும், தேடி வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். பத்துப் பிரதிக்கு அது தோதுப்படாது.

நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும் நடுவில்தான்.

ட்விலைட்டை எடுத்தால் கீழே வைக்க முடியாது. நோட்டில் அதிகம் வந்த சொல் ‘ஒரே மூச்சில்’. தமிழ்வழியில் படித்து, ஆங்கில நாவல் ஒன்றையும் முழுசாக முடிக்காத பிள்ளை ஒருத்தி நாலே நாளில் முடித்தாள். அவள் வீட்டில் விசைத்தறி. சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, தெரியாத வார்த்தையை எல்லாம் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறாள். “அர்த்தம் தெரியாட்டியும் அடுத்து என்ன ஆச்சுன்னு தெரியணும்ங் டீச்சர்” என்றாள். பெல்லா ஸ்வான் தன்மையில் சொல்லிக்கொண்டு போகிற கதை. வாக்கியங்கள் நேரானவை. ஆங்கிலத்தின்மேல் இருக்கும் பயம் விட்டுப்போக இதைவிட நல்ல புத்தகம் என் அனுபவத்தில் கிடைக்கவில்லை.

ஊரும் நன்றாக வந்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்க்ஸ் நிஜமான சிற்றூர். மரம் வெட்டிப் பிழைத்த ஊர். வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. ஈரோடு மாவட்டத்தில் 700 தேறுவதே பெரிசு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருந்துகொண்டு, வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று பார்த்துக் கிடக்கிற நமக்கு, மழையை வெறுக்கிற ஒரு பெண் கிடைக்கிறாள். காங்கயத்துப் பிள்ளை ஒருத்தி “இவளுக்கு என்ன குறை?” என்று நோட்டில் கோபமாகவே எழுதியிருந்தாள்.

அப்புறம் எட்வர்ட். 1901இல் பிறந்து, 1918இன் விஷக்காய்ச்சலில் சாகக் கிடந்த பதினேழு வயதுப் பையனை ஒரு டாக்டர் ரத்தக்காட்டேரியாக்கிப் பிழைக்க வைக்கிறார். அன்றிலிருந்து அவனுக்கு வயது ஏறவே இல்லை. மனித ரத்தம் குடிப்பதில்லை என்று கட்டுப்பாடாக இருக்கும் குடும்பம், காட்டு விலங்குகளோடு நிறுத்திக்கொள்கிறது. வெயிலில் எரியாமல் வைரம் போல மின்னுகிறான். ஏழு பேருக்கு அவனைப் பிடித்திருந்தது. மூன்று பேருக்குப் பிடிக்கவே இல்லை. இங்கேதான் சண்டை.

அவன் ராத்திரி பெல்லாவின் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அவளுக்குத் தெரியாது. பல ராத்திரி அப்படி வந்திருக்கிறான். தெரிந்ததும் அவள் கொஞ்சம் வெட்கப்படுகிறாள், கூடவே அவளுக்குப் பெருமையாகவும் இருக்கிறது. நோட்டில் ஒருத்தி: “இவ்வளவு அன்பா ஒருத்தர் நம்மளப் பாத்துக்கிட்டா எப்படி இருக்கும்!” அதற்கு நேர் கீழே, வேறு மசியில், வேறு கையெழுத்து: “பஸ் ஸ்டாண்டுல இருந்து எங்க வீதி வரைக்கும் ஒருத்தன் மூணு மாசம் பின்னாடியே வந்தான். நான் யார்கிட்டயும் சொல்லல. அவனும் அழகா இருந்திருந்தா அது அன்பா?”

நான் அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். அந்தப் பிள்ளை யாரென்று எனக்குக் கையெழுத்தை வைத்தே தெரியும். வருஷக்கணக்கில் என் வீட்டுக்கு வருகிறாள். இதை ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு நாவல் வந்துதான் அவளைச் சொல்ல வைத்தது.

மேயர் இதைத் தப்பு என்று எழுதவில்லை, உருகி எழுதியிருக்கிறார். அடுத்தடுத்த பாகங்களில் இது இன்னும் வளர்கிறது. மூன்றாம் பாகத்தில், ஓநாயாக மாறும் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்க பெல்லா போய்விடக் கூடாதென்று வண்டியின் எஞ்சினில் ஒரு பாகத்தையே கழற்றிவிடுகிறான் எட்வர்ட். பாதுகாப்பு என்று சொல்லித்தான் செய்கிறான். ‘உன் நல்லதுக்குத்தான்’ என்ற பேச்சு நம் வீடுகளில் புழங்காத பேச்சா? அதனால்தான் பிள்ளைகளுக்கு அது உடனே பழகிப்போகிறது. எனக்குப் பயமும் அங்கேதான்.

இரண்டாம் பாகத்தையும் ஒருத்தி எங்கேயோ கடன் வாங்கி வந்தாள். எட்வர்ட் விட்டுப் போன பிறகு சில பக்கங்கள் வெறுமையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மாதத்தின் பெயர் மட்டும், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அச்சுப் பிழை என்று நினைத்துப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். “பக்கம் விட்டுப்போச்சுங் டீச்சர், மாத்திக் குடுப்பாங்களா?” பிழை இல்லை கண்ணு, அந்த நாலு மாசம் பெல்லாவுக்கு ஒன்றுமே இல்லை, அதைத்தான் காட்டுகிறார்கள் என்றேன். அவள் திரும்பவும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அப்புறம் மெதுவாக, “ஒரு பையன் போனா நாலு மாசம் காலியா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நோட்டில் இது இல்லாவிட்டால் எனக்கே தோன்றியிருக்காது. ஜேக்கப்பின் கிலியூட் மக்கள் கற்பனை இல்லை. ஃபோர்க்ஸுக்கு மேற்கே கடலோரத்தில் லா புஷ் என்ற இடத்தில் இன்றும் வாழும் பழங்குடியினர். ஓநாயிலிருந்து மனிதரானவர்கள் தாங்கள் என்ற தோற்றக் கதை அவர்களிடம் நிஜமாகவே உண்டு. அதன்மேல் ரத்தக்காட்டேரிப் பகையை எல்லாம் சேர்த்தது எழுத்தாளர். தாளவாடி மலையிலிருந்து வந்து கோபியில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை இதைப் பிடித்துக்கொண்டாள். “எங்க மலையில இருக்கற சோளகரோட சாமி கதைய வெளியூர்க்காரங்க யாரோ எடுத்து, தன் இஷ்டத்துக்குச் சேத்து எழுதி உலகம் பூரா வித்தா, அவங்களக் கேட்டிருக்க வேண்டாமா?” கேட்டிருக்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வி முன்கூடத்தில் ஒரு மணி நேரம் ஓடியது.

ஷிவர் வேறு மாதிரி. மின்னசோட்டா மாநிலத்தில் மெர்சி ஃபால்ஸ் என்ற கற்பனை ஊர், வீட்டுக்குப் பின்னால் காடு. சின்ன வயதில் கிரேஸை ஓநாய்கள் ஊஞ்சலிலிருந்து இழுத்துப் போகின்றன. மஞ்சள் கண் கொண்ட ஒரு ஓநாய் அவளைக் காப்பாற்றுகிறது. பின்னே வருஷக்கணக்கில் ஒவ்வொரு குளிர்காலமும் அவள் அதற்காக ஜன்னலோரம் காத்திருக்கிறாள். அந்த ஓநாய்தான் சாம். குளிர் வந்தால் ஓநாய், வெயில் வந்தால் மனிதன். வருஷம் ஏற ஏற மனிதனாக இருக்கும் நாட்கள் குறைந்துகொண்டே வரும், ஒரு வருஷத்தோடு நின்றே போய்விடும். இதுவே அவனுக்குக் கடைசி வருஷமாக இருக்கலாம் என்ற இடத்தில் கதை பிடிக்கிறது.

ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் கிரேஸ் அல்லது சாம் என்று பேர், பக்கத்தில் அன்றைய வெப்பநிலை. அமெரிக்கக் கணக்கில், பாரன்ஹீட்டில். பாரன்ஹீட் 32 என்றால் தண்ணீர் உறையும் நிலை என்று ஒருத்தி கணக்குப் போட்டு நோட்டின் அட்டையிலேயே எழுதி ஒட்டிவிட்டாள். அதற்கப்புறம் எல்லோருக்கும் அந்த எண்தான் கதை. எண் இறங்குகிற அத்தியாயத்தைத் திறக்கவே பயமாக இருந்தது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மார்கழி விடியலில் வாய்க்கால் மேட்டில் நடந்தால் கொஞ்சம் நடுங்குவோம், தாளவாடிக்காரி மட்டும் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவையும் தாண்டினால் வருகிற குளிரைச் சொன்னாள். அவ்வளவுதான் நம் குளிர். சித்திரை வெயிலில் உட்கார்ந்து குளிருக்குப் பயந்து ஒரு கதையைப் படிப்பது தனி அனுபவம்.

பட்டி போட்டு ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, ஓநாயைக் காதலிப்பதா என்று முதலில் எடுக்கவே மாட்டேன் என்றாள். செந்நாய் ஆட்டைக் கொண்டுபோன கதையெல்லாம் அப்பாரு சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். எடுத்தபிறகு நோட்டில் அதிகம் எழுதியது அவள்தான். “சாம் எதையும் கேக்காம செய்யறதில்ல. அவன் பயப்படறான், அழறான். கிரேஸ்தான் தைரியம்.” ஆம். சாம் புத்தகக் கடையில் வேலை பார்க்கிறவன், ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் கவிதை படிக்கிறவன், மனசுக்குள் பாட்டுக் கட்டிக்கொண்டே இருக்கிறவன். கிரேஸ் கணக்காக, நிதானமாக யோசிக்கிறவள். எட்வர்டுக்குப் பக்கத்தில் சாமை வைத்துப் பார்த்தால், அன்பு என்றால் காவல் இருப்பது என்று ஒருத்தனும், அன்பு என்றால் நம்பி ஒப்படைப்பது என்று இன்னொருத்தனும் நினைப்பது தெரியும். எனக்குச் சாமைத்தான் பிடித்தது. என் பிள்ளைகளுக்கு அப்படி ஒருவன் அமைய வேண்டும் என்று நான் நினைத்ததுண்டு.

அப்படியானால் ஷிவர்தானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், அம்மாக்கள் வரும்வரை.

பங்குனி நோம்பி முடிந்த வாரம் நாலு அம்மாக்களைக் கூப்பிட்டு மூன்று கதையையும் மறைக்காமல் சொன்னேன். ட்விலைட் முதல் பாகத்தில் முத்தத்தைத் தாண்டி ஒன்றும் இல்லை. கல்யாணம் ஆகும்வரை எட்வர்ட் எல்லை தாண்டுவதே இல்லை, அது நாலாம் பாகத்தில்தான். ஷிவரில் அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் சாம் கிரேஸின் அறையிலேயே பல ராத்திரி தங்குகிறான். இருவரும் ஒன்றுசேர்வதும் உண்டு, விரசமில்லாமல், கோடி காட்டி. “அப்ப மொதப் புத்தகந்தான் நல்ல புத்தகம்” என்றார்கள் மூன்று பேர் உடனே. நாலாவது அம்மா மட்டும் யோசித்தார். “ஏனுங்க, அந்தக் காட்டேரிப் பையன் ராத்திரி வந்து நிக்கறது மட்டும் நல்லதுங்களா? இந்தப் புள்ளை விரும்பிக் கூப்புட்டு வெச்சிருக்கறா. அந்தப் புள்ளைக்குத் தெரியவே தெரியாதுங்களே.”

நான் சொல்ல வந்ததை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் தறிக்குப் பாவு போடும் வேலை செய்கிறவர்.

ஷிவரில் வேறு ஒரு கஷ்டம் உண்டு, அதை ஒளிக்கக் கூடாது. மகன் ஓநாயாகிறான் என்று தெரிந்ததும் சாமைப் பெற்றவர்களே குளியல் தொட்டியில் வைத்து அவன் மணிக்கட்டை அறுத்துக் கொல்லப் பார்த்தார்கள். அந்த வடு கதை முழுக்க வருகிறது. மனசு சரியில்லாமல் இருக்கும் பிள்ளையிடம் இதை அப்படியே கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். ட்விலைட்டின் இரண்டாம் பாகத்துக்கும் இதையே சொல்வேன். அதில் பெல்லா மலை விளிம்பிலிருந்து கடலில் குதிக்கிறாள், எட்வர்ட் சாவைத் தேடிப் போகிறான்.

ஒருத்தியின் அமுச்சி சொன்னதும் நினைவுக்கு வருகிறது. எழுபது வயதுக்கு மேல். பேத்தி ராத்திரியில் அவருக்கு ட்விலைட்டைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். கேட்டுவிட்டு, “காட்டேரின்னா புள்ளத்தாச்சியத்தானே புடிக்கும்” என்றாராம். பேத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலாம் பாகத்தில் பெல்லாவின் வயிற்றில் வளரும் பிள்ளைதான் அவள் உயிரை உறிஞ்சுகிறது. அதுவரை அவள் அமுச்சியிடம் சொல்லவே இல்லை.

சரி, முடிவு. என் மனசை மாற்றியது கூட்டத்தில் நடந்ததுதான். ஷிவரைப் படித்த சனிக்கிழமை எல்லோரும் கண் கலங்கி உட்கார்ந்திருந்தோம், பேச்சு கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. யாருக்கும் அதைப் பங்கு போட மனமில்லை. அவரவர் மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். ட்விலைட் படித்த சனிக்கிழமை இருட்டி வெகுநேரமாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தியின் அண்ணன் கூட்டிப்போக வந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

அந்த நாவலைத் தனியாகப் படுக்கையில் கிடந்து படிக்கிற பிள்ளையை அது அப்படியே இழுத்துப் போய்விடும். கூடிப் படித்தால் அதே பக்கம் பேச வைக்கும். மூன்று மாசம் பின்னாலேயே வந்தவனைப் பற்றி எழுதிய பிள்ளைக்கு, கேட்க ஒன்பது பேர் வேண்டும். அதனால் பத்துப் பிரதி ட்விலைட்டுக்கு. முதல் பாகம் மட்டும். ஷிவர் இரண்டு பிரதி என் கைக்காசில் வாங்குகிறேன், அது கூட்டத்துக்கு வராது, கேட்கிறவர்கள் வீட்டுக்குப் போகும். பிறந்தநாளுக்கு ஒரு பெண்ணுக்குப் பரிசாகக் கொடுக்க என்னிடம் யோசனை கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஷிவர் என்பேன், பதினாறு முடிந்திருக்க வேண்டும். உங்கள் கூட்டத்தில் பிள்ளைகள் இன்னும் சிறியவர்கள், எட்டாவது ஒன்பதாவது என்றால், இந்த மூன்றையும் இன்னும் இரண்டு வருஷம் தள்ளி வையுங்கள்.

ட்விலைட்டில் 24 அத்தியாயம். நாலு வாரத்துக்குப் பிரித்திருக்கிறேன். எட்வர்ட் ராத்திரி வருவதை ஒப்புக்கொள்ளும் பதினான்காம் அத்தியாயத்துக்கு மட்டும் ஒரு சனிக்கிழமை முழுசாக ஒதுக்கியாயிற்று. பாவு போடும் அந்த அம்மாவையும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார்.